தீட்டாத கத்திக்குக் கூடுதல் விலை

ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் செய்யப்பட்டு, எவர் முகத்திலும் படாமல் அட்டைப்பெட்டியிலேயே கிடந்த ஒரு சவரக்கத்தி. அதே ஊரில், அதே காலத்தில் செய்யப்பட்டுப் பல்லாண்டுகள் உழைத்துத் தேய்ந்த இன்னொரு கத்தி. முதலாவதற்கு இரண்டாவதைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். அந்தக் கூடுதல் விலை தகுமா? கடந்த சில மாதங்களாக இக்கேள்வியோடு வாழ்ந்திருக்கிறேன். மொழியியல் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. வாங்க வேண்டியவள் நான். அதுவும் ஆய்வு உதவித்தொகையில். மற்றொன்று, இக்கேள்வியின் ஒரு பாதி எஃகைப் பற்றியது. மறுபாதி 'பயன்படுத்தாத' என்னும் சொல்லைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விடை காண முடியாது என்பது என் முடிவு. சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் எந்தக் கத்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்று முடிதிருத்தகங்களில் நாம் காண்பது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது பிளேடு மாற்றிப் பொருத்தும் மடக்குக்கத்தி. எய்ட்ஸ் பற்றிய அச்சமும் விழிப்புணர்வும் பரவிய 1990களுக்குப் பிறகு இதுவே வழக்கமாயிற்று. அதற்கு முந்தையது ஒரே எஃகுத் துண்டால் ஆன கத்தி. மழுங்கினால் மாற்ற முடியாது. கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துத்தான் கூராக்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் இதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். என் அப்பாவின் பேச்சில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பிளேடு மாற்றுவது 'உஸ்த்ரா', பழையது 'கத்தி'. உஸ்த்ரா என்பது இந்தியில் பொதுவாகச் சவரக்கத்தியைக் குறிக்கும் சொல். அது எங்கள் வீட்டுத் தமிழுக்குள் வந்தபோது புதிய கருவியின் பெயராகச் சுருங்கிவிட்டது. பழைய கருவி பழைய சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பல மொழிகள் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊரில் இது வியப்பன்று.

அந்த ஊர் கேம்பல் பே. பெரிய நிக்கோபார்த் தீவின் கிழக்குக் கரை. 1969 முதல் ஏறத்தாழ 330 முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு அங்கே குடியமர்த்தியது. பஞ்சாபியரும் மராத்தியரும் தெலுங்கரும் மலையாளிகளும் தமிழரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழத் தொடங்கினர். நிக்கோபாரியரும் ஷோம்பென் மக்களும் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்ந்துவரும் தீவு அது. என் தாத்தா படையில் முடிதிருத்துநராக இருந்து ஓய்வுபெற்றுத் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறியவர். அவருடைய ஸோலிங்கன் கத்தி அப்பாவிடம் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடையோடு அதுவும் போயிற்று. உயிரோடு மிஞ்சியவர்கள் கத்திக்காக அழுவதில்லை. அப்பாவும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து, என் ஆய்வுக்காகத் தொழிற்சொற்களைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, 'வாரில் இழுப்பது' எப்படி என்பதை விளக்க அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. வெறுங்கையால் காற்றில் இழுத்துக் காட்டினார். வரும் தை மாதம் அவருக்கு அறுபது நிறைகிறது. அதற்குள் ஒரு கத்தி வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன். கடையில் வாடிக்கையாளருக்குப் பயன்படுத்த அல்ல. அவருடைய சொந்த முகத்துக்கு.

பெருநகர் ஒன்றில் பழம்பொருள் விற்பவரிடம் இரண்டு ஸோலிங்கன் கத்திகள் இருந்தன. பயன்படுத்தியது 4,200 ரூபாய். பயன்படுத்தாதது 11,500 ரூபாய். இடைவெளி 7,300 ரூபாய். அந்த 7,300 ரூபாய்க்கு எதை வாங்குகிறோம்?

கூர்மையை அன்று. இதுதான் முதலில் உடைய வேண்டிய நம்பிக்கை. புதிது என்றால் கூராக இருக்கும் என்றே நினைக்கிறோம். பழைய பட்டறைகள் பெரும்பாலும் கத்தியை முழுமையான சவரக்கூர்மையோடு அனுப்பவில்லை. வாங்கியவரோ அவருடைய நாவிதரோ கல்லில் வைத்துக் கடைசிக் கூரை ஏற்றுவார் என்பதே எதிர்பார்ப்பு. அப்படியே கூராக வந்திருந்தாலும், மெல்லிய கார்பன் எஃகின் வாய் பல்லாண்டு ஈரக்காற்றில் கண்ணுக்குத் தெரியாத அளவில் துருப்பிடித்து மழுங்கிவிடும். ஆகவே பயன்படுத்தியதோ பயன்படுத்தாததோ, சவரத்துக்கு முன் கல்லுக்குப் போயே ஆக வேண்டும். இந்த வேலை இரண்டுக்கும் பொது.

பயன்படுத்தாத கத்தி உண்மையாகவே தரக்கூடியது, மாறாத வடிவம். இதைப் புரிந்துகொள்ளக் கத்தியின் அமைப்பை நோக்க வேண்டும். சவரக்கத்தியைத் தீட்டும்போது அதன் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். கோணத்தைக் கையால் கணிக்க வேண்டியதில்லை. முதுகின் தடிமனே கோணத்தை முடிவு செய்கிறது. முதுகு 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய்வரை அகலம் 17 மில்லிமீட்டர் என்றால் வாயின் கோணம் ஏறத்தாழ 17 பாகை. ஒவ்வொரு தீட்டலிலும் முதுகும் சிறிது தேயும், வாயும் சிறிது தேயும். இரண்டும் ஒத்த அளவில் தேய்ந்தால் கோணம் பெரிதாக மாறாது: முதுகு 4.5, அகலம் 15.5 ஆனாலும் கோணம் 16.7 பாகைதான். தன் தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இது. நாற்பது ஆண்டு உழைத்த கத்தி இன்றும் மழிக்கிறது என்றால் அதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கணக்கு பிசகும் இடங்களும் உண்டு. பொறுமையற்ற கைகள் முதுகை அழுத்தித் தேய்த்து 3.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, அகலம் 16 மில்லிமீட்டராகவே நின்றுவிட்டால், கோணம் 12.5 பாகைக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய வாய் தாடியின் முன் நிற்காது, உதிரும். மாறாக, சுழலும் சாணைச் சக்கரத்தில் வாயை மட்டும் காட்டித் தேய்த்து அகலத்தை 13 மில்லிமீட்டராக்கினால் கோணம் 22 பாகையைத் தாண்டும், மழிக்காமல் இழுக்கும். சக்கரத்தின் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும். பயன்படுத்தாத கத்தியில் இந்த இடர்கள் இல்லை. கூடுதல் விலைக்கு நியாயமான காரணம் இதுதான். ஆனால் இதை உறுதிசெய்ய 'பயன்படுத்தாதது' என்னும் சொல் தேவையில்லை. ஒரு நல்ல ஒளிப்படமும் அளவுகோலும் போதும். முதுகின் இருபுறமும் தேய்ந்த பட்டை ஒரே அகலத்தில் இருக்கிறதா, வாய் நேர்கோடாகவோ மெல்லிய வளைவாகவோ செல்கிறதா என்று பார்த்தாலே முந்தைய உரிமையாளரின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

வேறு சில பொருள்களும் அந்த விலைக்குள் அடங்கும்: அலகின் மீது செதுக்கிய எழுத்துகள், தங்கப்பூச்சு, அசல் கைப்பிடி, பெட்டி. இவை கூர்மைக்கு உதவா, வரலாற்றுக்கு உதவும். 1887ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக்குறிச் சட்டத்துக்குப் பின் ஜெர்மனியப் பொருள்கள் தம் நாட்டின் பெயரைத் தாங்கி வரலாயின. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் அது 1949க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஸோலிங்கன் என்னும் ஊர்ப்பெயருக்கே 1938இல் தனிச்சட்டம் காவல் தந்தது. கத்தியின் வால்பகுதியில் உள்ள ஓரிரு சொற்களைக் கொண்டு காலத்தைக் கணிப்பது கல்வெட்டு வாசிப்புக்கு ஒப்பான இன்பம்தான். அந்த இன்பத்துக்கு விலை கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வாசகரின் இன்பம். முகத்துக்கு அதனால் பயனில்லை.

இனி, விற்பவர் பெரும்பாலும் எழுப்பாத கேள்விக்கு வருவோம். அது ஏன் பயன்படுத்தப்படவில்லை? விற்பவர் அனுப்பிய படங்களைக் காட்டியபோது அப்பா சொன்னது இது: "யாருமே தொடலன்னா, தொட ஆளில்லாம கெடந்துச்சா, இல்ல தொட்டுப் பாத்துட்டு வேணாம்னு வச்சுட்டாங்களா? மொதல்ல அதக் கேளும்மா."

முதல் வகைக்கு வரலாறு சான்று தருகிறது. ஜில்லெட் தம் பாதுகாப்பு ரேசருக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அவை லட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. போரிலிருந்து திரும்பியவர்கள் தீட்டும் கலைக்குத் திரும்பவில்லை. பட்டறைகளிலும் கடைகளிலும் பழைய வகைக் கத்திகள் தேங்கின. இப்படி நல்ல சரக்கு, சந்தை மாறியதால் மட்டும், தொடப்படாமல் நின்றதுண்டு. பரிசாக வந்து பெட்டியிலேயே தங்கியவையும் உண்டு. கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகள் கொண்ட பெட்டிகள் அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பரிசு. முதுகில் கிழமைப்பெயர் பொறித்திருக்கும். அவற்றுள் சில கிழமைகள் மட்டும் தேயாமலே இருந்துவிடுவது இயல்பு.

இரண்டாம் வகை வேறு. எஃகைச் சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்துக் கடினப்படுத்தும்போது சில அலகுகள் மிக நுண்ணிதாக முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கல்லில் வைத்தால் தெரியும். ஒருபுறம் முழுவதும் படியும், மறுபுறம் நடுவில் படியாது. வாங்கியவர் ஒருமுறை முயன்று, கூரேறாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டார் என்றால், அக்கத்தியும் இன்று 'பயன்படுத்தாதது' என்ற பெயரோடுதான் விற்பனைக்கு வரும். நல்ல கத்தியை மனிதர்கள் பயன்படுத்தித் தேய்க்கிறார்கள், பயன்படாததைப் பாதுகாக்கிறார்கள். நூலகங்களில் புதுமெருகு குலையாத நூல்களைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அவற்றுள் சில யாரும் கண்டடையாத அரிய நூல்கள். சில யாரும் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியாதவை. அட்டையை மட்டும் பார்த்து எது எதுவென்று சொல்ல இயலாது. அதே நேரத்தில், தேய்ந்த கத்தி ஒரு சான்றிதழைத் தன் முதுகிலேயே தாங்கி நிற்கிறது: இது மழித்தது, மழித்ததால் மீண்டும் தீட்டப்பட்டது.

பயன்படுத்தாமை வேறு, பழுதடையாமை வேறு என்பதைக் கேம்பல் பேயில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். எஞ்சிய நாள்களில் உப்புக்காற்று. எங்கள் வீட்டில் நாள்தோறும் கைபடும் அரிவாள் பளபளக்கும். பரணில் எடுத்துவைத்த புது அரிவாளைத் துரு தின்னும். சவரக்கத்திக்கும் இதே விதிதான். ஒவ்வொரு சவரத்துக்குப் பின்னும் துடைத்து, வாரில் இழுத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வைக்கும் கத்தி தலைமுறைகளைத் தாண்டும். பெட்டியில் மறந்துபோன கத்தியின் வாயருகே துரு குழி பறிக்கும். மேற்பரப்பில் உள்ள கறை பெரிய குறையன்று. வாயை ஒட்டிய குழியே ஆபத்து. தீட்டத் தீட்ட அந்தக் குழி வாய்க்கு வந்து சேர்ந்து, அங்கே விள்ளும்.

கைப்பிடியிலிருந்து வரும் தீங்கு இதைவிட வஞ்சகமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செல்லுலாய்டு கைப்பிடிகள் பெருகின. தந்தம் போலவும் ஆமையோடு போலவும் அழகாகத் தோன்றும். செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பொருள். காலப்போக்கில் அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வளிகளை வெளிவிடும். ஈரத்தோடு சேர்ந்து அவை அமிலமாகும். மடக்கிய கத்தியின் அலகு அந்தக் கைப்பிடிக்குள்ளேயே கிடக்கிறது. மூடிய பெட்டிக்குள் பல்லாண்டு கிடந்தால், காப்பதற்காக உள்ள உறையே அலகை அரித்துவிடும். வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். ஆகவே செல்லுலாய்டு கைப்பிடியோடு 'பெட்டி திறக்காதது' என்று வரும் கத்திக்குக் கூடுதல் விலை தருவதைவிட, கூடுதல் ஐயம் கொள்வதே பொருத்தம். அசல் தந்தப்பிடி என்றால் வேறு சிக்கல்: 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தந்த வணிகத்தை இந்தியாவில் தடைசெய்துள்ளன. அசல் ஆமையோடும் அவ்வாறே. அதைத் தரும் அழுங்காமை எங்கள் தீவுகளின் கரைகளில் முட்டையிடும் உயிரினம். எருமைக்கொம்புப் பிடிதான் எளியது, நல்லது. பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதுவரை எஃகைப் பேசினோம். இனி சொல்லுக்கு வருகிறேன். என் துறை அது.

தமிழில் உடன்பாட்டுப் பெயரெச்சம் காலம் காட்டும். பயன்படுத்திய கத்தி, பயன்படுத்துகிற கத்தி, பயன்படுத்தும் கத்தி என மூன்று காலத்துக்கும் மூன்று வடிவங்கள். எதிர்மறையில் வடிவம் ஒன்றே: பயன்படுத்தாத கத்தி. நேற்று பயன்படுத்தாதது, இன்று பயன்படுத்தாதது, நாளை பயன்படுத்தப்போகாதது ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். இலக்கண வகுப்பில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி இது. ஆனால் விற்பவரின் விலைப்பட்டியலை வாசித்தபோது, இந்த இலக்கணம் சந்தையின் நடப்பைத் துல்லியமாகச் சொல்வதைக் கண்டேன். 11,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கத்தியை அப்பா கல்லில் வைத்து ஒருமுறை இழுத்தால், அந்தக் கணத்தில் அது 'பயன்படுத்தாதது' என்னும் தகுதியை இழக்கும். 7,300 ரூபாயின் பெரும்பகுதி அந்த ஓர் இழுப்பில் கரைந்துவிடும். கரையாமல் காக்க வேண்டுமானால் கடந்த நூறாண்டு தொடாததைப் போலவே இனியும் தொடாதிருக்க வேண்டும். அதாவது அந்தக் கூடுதல் விலை இறந்தகாலத்துக்கு மட்டும் கொடுக்கும் விலையன்று. எதிர்காலத்திலும் பயன்படுத்தமாட்டேன் என்று வாங்குபவர் தரும் உறுதிமொழிக்கும் சேர்த்துக் கொடுக்கும் விலை. சேகரிப்பாளர் அந்த உறுதிமொழியை விரும்பித் தருகிறார். அவருக்கு அது தகும். மழிக்க வாங்குபவர் அதைத் தர முடியாது.

இன்னொரு சொல் 'தீட்டு'. கத்தியைத் தீட்டு என்பது வினை. தீட்டு என்று பெயராகவும் ஒரு சொல் உண்டு. அது 'தீண்டு' என்னும் வினையிலிருந்து, 'விரும்பு' என்பதிலிருந்து 'விருப்பு' பிறப்பதுபோல, மெல்லெழுத்து வல்லெழுத்தாகிப் பிறந்தது. தொடுவதால் ஒட்டிக்கொள்வதாகச் சொல்லப்படும் மாசு. இரண்டையும் வேறுவேறு சொற்களாகவே கொள்வோம்; ஒலியொப்புமையை வைத்து உறவு கற்பிப்பது எங்கள் துறையில் பழைய நோய். ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் எங்கள் குடும்பத்தின் தொழில் நின்றது. நாவிதர், மருத்துவர், பண்டிதர், பரியாரி என ஊருக்கொரு பெயர். கத்தியைத் தீட்டியவர்களும் அவர்களே. கட்டியைக் கீறிப் புண்ணுக்கு மருந்திட்டவர்களும் அவர்களே. பேறு பார்த்த மருத்துவச்சிகள் அவர்கள் வீட்டுப் பெண்களே. ஊர் முழுவதும் அவர்கள் கையை முகத்திலும் தலையிலும் ஏற்றுக்கொண்டு, பிறகு குளித்துத் தீட்டுக் கழித்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கைபட்ட பொருளின் மீதான கூச்சம் மட்டும் எளிதில் ஒழியவில்லை.

பழம்பொருள் சந்தையில் 'கைபடாதது' என்னும் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பை நான் சாதியுணர்வு என்று குற்றம் சாட்டவில்லை. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தபால்தலைக்கும் கடிகாரத்துக்கும் இதையே செய்கிறார்கள். ஆனால் நாவிதர் பயன்படுத்தியது என்று தெரிந்தால் விலை குறையும் என்று விற்பவர் தொலைபேசியில் இயல்பாகச் சொன்னபோது, எனக்கு அது வெறும் சந்தைச் செய்தியாகக் கேட்கவில்லை. சவரக்கத்தியை நன்கு அறிந்த கை நாவிதருடையது. அக்கை பட்டதால் ஒரு சவரக்கத்தியின் மதிப்பு குறைகிறதென்றால், நாம் அளப்பது கத்தியை அன்று. ஒரு நாதசுரத்தை இசைக்கலைஞர் வாசித்திருந்தார் என்பதற்காக விலை குறைப்போமா?

நோய்த்தொற்று பற்றிய அச்சம் இதிலிருந்து வேறானது, அது நியாயமானது. பிறர் முகத்தில் அண்மையில் பட்ட கத்தியை அப்படியே எடுத்து மழிக்கக் கூடாது. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் கடைசியாகப் பயன்பட்ட கத்தியைக் கழுவி, கிருமிநீக்கி கொண்டு துடைத்து, பழைய வாய் முழுவதும் நீங்கும்படி கல்லில் தீட்டிய பிறகு, பழைய உரிமையாளரின் முகத்தைத் தொட்ட விளிம்பே அதில் மிஞ்சுவதில்லை. இனி அது ஒரே முகத்துக்கு மட்டும் உரியது என்றால் அச்சத்துக்கு இடமில்லை.

எனவே என் விடையைச் சுருக்கித் தருகிறேன். சேகரிக்க வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கலாம். பொறிப்பும் பெட்டியும் அரிய பட்டறைக் குறியும் அவருக்குப் பொருள்படும். மழிக்க வாங்குபவர் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளட்டும்: பயன்படுத்திய கத்தி ஒன்றைச் செப்பம் செய்ய எவ்வளவு செலவாகுமோ, அந்த அளவுக்கு மேல் ஒரு ரூபாயும் 'பயன்படுத்தாதது' என்னும் சொல்லுக்குத் தர வேண்டியதில்லை. சாணை பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தால் அந்தச் செலவும் குறைவு. கூடுதல் விலைக்கான காரணமும் அவ்வளவே குறைவு. தீட்டத் தெரியாத, கற்றுத்தர ஆளும் இல்லாத புதியவருக்கு, பயன்படுத்தாத கத்தியைவிட, நம்பகமான ஒருவர் தீட்டி முடித்துத் தந்த பழைய கத்தியே நலம் தரும். எதை வாங்கினாலும் முதுகு, வாய், கைப்பிடி மூன்றின் அணுக்கப் படங்களைக் கேட்டுப் பெறுங்கள். முதுகில் தேய்மானமே இல்லை, ஆனால் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, அலகு முழுதும் கண்ணாடிபோல் மின்னுகிறது என்றால், அது பயன்படுத்தாத கத்தியன்று. துருவை மறைக்கச் சக்கரத்தில் மெருகேற்றிய கத்தி.

நான் கேட்டுப் பெற்ற படங்களில், 11,500 ரூபாய்க் கத்தியின் ஆமையோட்டு நிறக் கைப்பிடி ஆணியைச் சுற்றி மங்கிப் பூத்திருந்தது. மடக்கினால் அலகு படியும் இடத்தில் செம்புள்ளிகள் வரிசையாக இருந்தன. 4,200 ரூபாய்க் கத்தியின் பிடி கருங்கொம்பு; முதுகின் இருபுறத் தேய்மானமும் ஒரே அகலம். யாரோ ஒருவர் பல ஆண்டுகள் அவசரமில்லாமல் தீட்டியிருக்கிறார். அதையே வாங்கினேன். போர்ட் பிளேரிலிருந்து கேம்பல் பேக்குக் கப்பலில் ஏறத்தாழ இரண்டு நாள். வழியெல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

மிச்சமான 7,300 ரூபாயில் ஒரு பகுதி நல்ல சாணைக்கல்லுக்கும் தோல்வாருக்கும் போயிற்று. அப்பா இரண்டு மாலைப்பொழுது தீட்டினார். நான் பக்கத்தில் அமர்ந்து ஒலிப்பதிவு செய்தேன். 'வாய் மடங்குவது', 'பால் விடுவது' (கல்லில் தண்ணீரோடு சேர்ந்து வெண்குழம்பு எழுவது), 'மயிர் பார்ப்பது' (தலையிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி வாயில் வைத்துக் கூரைச் சோதிப்பது) என ஓராண்டு நேர்காணல்களில் வராத சொற்கள், கையில் கத்தி வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கருவி இல்லாதபோது சொற்களும் வருவதில்லை என்பதை ஆய்வுமுறை நூல்களில் படித்திருக்கிறேன். வீட்டில் கண்டது இப்போதுதான். விலையுயர்ந்த, எவரும் தொடாத கத்தியை வாங்கியிருந்தால் அப்பா அதைத் தீட்டியிருக்கமாட்டார் என்பது எனக்கு உறுதி. பெண் வாங்கித் தந்த அரும்பொருள் என்று துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பார். எங்கள் காற்று மீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது மூன்றாம் பாடத்தில் இருக்கிறேன். எனக்கு மழிக்க முகமில்லை. ஆனால் தீட்டத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் அப்பாவோடு முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். தம்பி இத்தொழிலுக்கு வரவில்லை. வர வேண்டும் என்று எவரும் சொல்லவுமில்லை. தொழிலைத் துறப்பது விடுதலையாக இருக்கலாம். தொழிலின் அறிவைத் துறப்பது அப்படியன்று.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் சவரக்கத்தியின் உறுப்புகளுக்கும் தீட்டும் முறைகளுக்கும் வழங்கும் சொற்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த வட்டாரம், எந்தத் தலைமுறையினர் வாய்ச்சொல் என்பதையும் சேர்த்துக் குறிப்பிட்டால் பெரிதும் உதவும். நாவிதரின் பையைக் குறிக்கும் 'அடைப்பம்' என்னும் சொல் இன்னும் எங்கேனும் பேச்சில் இருக்கிறதா என்பதை அறிய விரும்புகிறேன்; அகராதியில் இருக்கிறது, அப்பாவின் வாயில் இல்லை. கத்தியின் கணக்கில் நான் சொன்னதை மறுக்கும் உலோகவியல் நண்பர்களும் எழுதலாம். கல்லும் கத்தியும் கையில் இருப்பதால் சரிபார்ப்பது எளிது.